மண்கோட்டையும் பீரங்கியும்: பாஞ்சாலங்குறிச்சியில் எழுந்த ஒரு கேள்வி

ஓட்டப்பிடாரத்தை அடுத்த கரிசல் வெளியில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. இன்று அங்கே நாம் காணும் கோட்டை, 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையாகும். கட்டபொம்மன் இருந்து ஆண்ட பழைய கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அதன் அடித்தளச் சுவடுகள் மட்டுமே எஞ்சியுள்ளன. சற்றுத் தொலைவில், அங்கு நடந்த போர்களில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகள் உள்ளன.

சென்ற விடுமுறையில் பிள்ளைகளுக்கு அவ்விடத்தைக் காட்டச் சென்றிருந்தோம். எங்களுடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கோட்டை வாசலில் நின்றபடி கேட்டார்: "இத்தனை முஸ்லிம் நாடுகள் இருக்கின்றன. காஸாவில் பிள்ளைகள் மடியும்போது அவற்றுள் ஒன்றுகூடப் படை அனுப்பவில்லையே! இந்த மண்கோட்டைக்குள் இருந்தவருக்கு இருந்த துணிவு அவர்களுக்கு இல்லையா?" உடனிருந்த பெரியவர் ஒருவர், "அவர்களிடம் அணுகுண்டு இருக்கிறது, தம்பி. படை போனால் எல்லாரும் அழிய வேண்டியதுதான்" என்றார். அத்துடன் பேச்சு நின்றுவிட்டது.

வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விடவில்லை. துணிவு இல்லை என்பது ஒரு பதில். குண்டு இருக்கிறது என்பது மற்றொரு பதில். இரண்டும் பேச்சை முடித்துவைக்கின்றனவே ஒழிய, எதையும் எடைபோடவில்லை. தன்னினும் பன்மடங்கு வலிய படைக்கு எதிராக ஆயுதம் எடுப்பதா, எடுத்தவருக்குத் துணைபோவதா என்ற கேள்வியை அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் 1798 முதல் 1801 வரை ஒவ்வொரு நாளும் எதிர்கொண்டார்கள். அவர்கள் போட்ட கணக்கையும் அதற்குக் கொடுத்த விலையையும் அறிந்துகொண்டால், நம் காலத்துக் கேள்வியைச் சற்று நிதானமாக அணுகலாம்.

முதலில் திறந்த கதவு

கட்டபொம்மன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வாளேந்திய உருவம். ஆனால் வரலாற்றில் அவர் முதலில் நாடியது முறையீட்டை. 1798-இல் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய நிலுவை 3,310 வராகன் என்று கணக்குக் காட்டப்பட்டது. கலெக்டர் ஜாக்சன் அவரைத் தம்மிடம் வரச் சொல்லிவிட்டு, ஊர் ஊராகத் தம் பின்னே அலையவிட்டார். இறுதியில் 1798 செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. அதற்குள் நிலுவையின் பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1,080 வராகன் மட்டுமே மீதமிருந்தது. எனினும் அவமதிப்பும் கைகலப்பும் நேர்ந்தன. கட்டபொம்மன் தப்பினார்; அவருடைய ஆலோசகர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அதன்பின் அவர் உடனே போர் தொடுக்கவில்லை. சென்னை நிர்வாகத்துக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அமைந்தது. அதன் முன் நேரில் சென்று நின்றார். குழு அவரைக் குற்றமற்றவர் எனக் கண்டது. பிள்ளை விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் பதவி இழந்தார். பீரங்கி வைத்திருந்த வல்லரசிடம், பீரங்கி இல்லாத ஒருவர் சொல்லாலும் சான்றாலும் ஒருமுறை வென்றிருக்கிறார். பள்ளிக்கூட நாடகங்களில் இந்த வெற்றிக்கு இடமில்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

தனித்தனியே எண்ணியவர்கள்

அந்த வெற்றி நிலைக்கவில்லை. அதற்கான காரணங்களுள் பெரியது மைசூரில் இருந்தது. திப்பு சுல்தானோடு போர் மூண்டிருந்தவரை கும்பினிக்குத் தெற்கே அனுப்பப் படை இல்லை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு வீரமரணம் அடைந்தார். அதே மாதத்திலேயே திருச்சி, தஞ்சை, மதுரைப் படைகளைத் திருநெல்வேலி நோக்கி நகர்த்த ஆணை பிறந்தது. மேஜர் பானர்மேன் தலைமை ஏற்றார். செப்டம்பர் 1 அன்று கட்டபொம்மனுக்கு ஓலை போயிற்று: 4-ஆம் தேதி பாளையங்கோட்டையில் வந்து நிற்க வேண்டும். அவர் செல்லவில்லை. 5-ஆம் தேதி கோட்டை தாக்கப்பட்டது.

அந்த முதல் தாக்குதலில் மண்கோட்டை வென்றது. ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் வாசலிலேயே மாண்டனர். ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்துகொண்டிருந்தன. அவை வந்தால் சுவர் நிற்காது என்பதை அறிந்து, கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி வடக்கே சென்றார். புதுக்கோட்டைப் பகுதியில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கும்பினியிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்கள் அனைவரையும் வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே அவரைத் தூக்கிலிட்டனர்.

அந்தப் பாளையக்காரர்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் அனைவரையும் கோழைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தம் மண்கோட்டை எத்தனை நாள் தாங்கும், மழை பொய்த்தால் குடிகள் என்ன உண்பார்கள், கட்டபொம்மனுக்குத் துணை போனால் தம் பிள்ளைகள் கதி என்னவாகும் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர். எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சியோடு பழைய எல்லைப் பகையும் இருந்தது. தொண்டைமான் மரபுக்குக் கும்பினியோடு நெடுங்கால நட்பு இருந்தது.

கணக்களவில் பார்த்தால் அவர்கள் முற்றிலும் தோற்றார்கள் என்றும் சொல்ல இயலாது. எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு கிடைத்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானமாகவே நீடித்தது. ஆனால் பெரும்பாலான பாளையங்கள் தப்பவில்லை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கையோடு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை வந்தது. 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. ஆண்டவர்கள் வரி கட்டும் நிலக்கிழார் ஆனார்கள். ஒதுங்கி நின்றவருக்கும் கோட்டை மிஞ்சவில்லை. அவர்கள் தனித்தனியே எண்ணினார்கள். கும்பினி மொத்தமாக எண்ணியது. முதலில் மைசூர், அடுத்து பாஞ்சாலங்குறிச்சி, அதன்பின் சிவகங்கை என்று ஒவ்வொன்றாக முடித்தது.

அடைக்கலம் தந்தவர்கள் கொடுத்த விலை

1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட கோட்டையை மக்கள் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினர். அவருடைய ஆட்கள் தூத்துக்குடியையும் கைப்பற்றினர். அங்கே பிடிபட்ட ஆங்கிலேயத் துறைமுக அதிகாரியை, அவருடைய மனைவி பாஞ்சாலங்குறிச்சி வரை வந்து மன்றாடியபோது, விடுவித்து அனுப்பினார்கள் என்று பேராயர் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தமையனைத் தூக்கிலிட்டவர்களின் அதிகாரி அவர் என்பதை மறக்க வேண்டாம்.

மார்ச் 31 அன்று கும்பினிப் படை கோட்டையைத் தாக்கிப் பெரும் இழப்போடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்தன. மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

அன்றைய நாளைப் பற்றி, கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்பில் ஒரு நிகழ்வை எழுதுகிறார். மகனைத் தேடிப் போர்க்களத்துக்கு வந்த ஒரு தாய், அவனைக் குற்றுயிராகக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு, அருகே காயத்துடன் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி அவன் வேண்டினான். அவள் அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டு சென்றாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், அம்மையால் இறந்த பிள்ளையின் உடல் என்று சொல்லி மூடிவைத்துக் காத்தாள். போரா, சமாதானமா என்று எந்த அவையிலும் அந்தத் தாயைக் கேட்டவர் இல்லை. ஆயினும் மகனைக் கொடுத்தவள் அவள். கொடுத்த பின்னும் இன்னோர் உயிரைக் காத்தவள் அவள்.

ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்றார். மருது சகோதரர்கள் அடைக்கலம் தந்தார்கள். அதன் விளைவு என்னவாகும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். கயத்தாறு நிகழ்ந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது ஓர் அறிக்கையைத் திருச்சியில் ஒட்டச் செய்தார். ஜம்புத் தீவு அறிக்கை என்று வழங்கும் அது, எல்லாச் சாதியினரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி விளித்து ஒன்றுபட அழைத்தது. பாளையங்கள் தனித்தனியே எண்ணியதன் தவறு அப்போது உணரப்பட்டிருந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் கொல்லப்பட்டார். 1802 பிப்ரவரியில் 73 பேர் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியும் ஒருவர். அப்போது அவர் சிறுவர். தூத்துக்குடியில் அவர்களைக் காவல் காத்த அதே வெல்ஷ், 1818-இல் பினாங்கு சென்றபோது, முதுமை தட்டிய தோற்றத்துடன் ஒருவர் வந்து நின்றார். பெயர் கேட்டபோது துரைச்சாமி என்றார். இளமை மாறாதிருக்க வேண்டிய வயதில் அவர் கிழவராகியிருந்ததைக் கண்டு வெல்ஷ் மனம் நொந்து எழுதுகிறார்.

மருதுவின் முடிவு தவறா? அடைக்கலம் கேட்டு வந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததை யார் தவறு என்பார்? ஆனால் அம்முடிவின் விலையைத் துரைச்சாமி பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் கடந்து கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் அதே தராசில் வைக்கப்பட வேண்டியதே.

நபிகளார் காட்டிய இரண்டு எடைகள்

இத்தகைய கணக்கு நம் மார்க்க வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 5-இல் எதிரிப் படைகள் மதீனாவைச் சூழ்ந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அகழ் தோண்டிக் காத்தார்கள். முற்றுகை நீண்டது. மதீனாவின் பேரீச்சை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் கத்ஃபான் கூட்டத்தாருக்குக் கொடுத்து, அவர்களைக் கூட்டணியிலிருந்து பிரித்துவிடலாமா என்று எண்ணினார்கள். முடிவை உறுதி செய்யுமுன் அந்தத் தோட்டங்களுக்கு உரியவர்களின் தலைவர்களான ஸஅத் இப்னு முஆத் (ரலி), ஸஅத் இப்னு உபாதா (ரலி) இருவரிடமும் மஷூரா செய்தார்கள். இது இறைக்கட்டளையா, எங்கள் மீதுள்ள இரக்கத்தால் தாங்கள் எண்ணியதா என்று அவர்கள் கேட்டார்கள். இரக்கத்தால்தான் என்று அறிந்தபின், கொடுக்க மாட்டோம் என்றார்கள். நபிகளார் (ஸல்) அதை ஏற்றுக்கொண்டார்கள். விலை கொடுக்கப் போகிறவர் யாரோ அவரிடம் கேட்பது இங்கு நாம் பெறும் முதல் பாடம்.

ஹிஜ்ரி 8-இல் முஃத்தாவில் மூவாயிரம் பேர் கொண்ட படை, பைசாந்தியப் பேரரசின் மிகப்பெரும் படையை எதிர்கொண்டது. தளபதிகள் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதானார்கள். பொறுப்பேற்ற காலித் இப்னு வலீத் (ரலி) எஞ்சியவர்களைப் பத்திரமாகப் பின்வாங்கச் செய்தார்கள். மதீனாவில் சிலர் அவர்களை ஓடிவந்தவர்கள் என்று ஏசி மண்ணை வாரி எறிந்தனர். நபிகளாரோ (ஸல்) அப்பழியை மறுத்து, அவர்கள் மீண்டும் சென்று போரிடுபவர்கள் என்று அரவணைத்தார்கள். களத்தில் இல்லாதவரின் ஏச்சு, களத்தில் நின்றவரின் நிதானத்துக்கு முன் செல்லாது என்பது இரண்டாம் பாடம்.

அணுகுண்டு எதை மாற்றியது?

பானர்மேனின் பெரிய பீரங்கி வந்து சேர நாட்கள் ஆயின. அந்த நாட்களில் பெண்டு பிள்ளைகளை வெளியேற்றலாம், காட்டுக்குள் மறையலாம், இடிந்த சுவரை இரவோடு இரவாக மண் அப்பி அடைக்கலாம். கோட்டை வீழ்ந்தாலும் அடுத்த பருவத்தில் அந்த நிலம் விதையை ஏற்றது. அணு ஆயுதம் இந்த அவகாசத்தை எடுத்துவிட்டது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் விழுந்த ஒரு குண்டால், அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. அதற்குப் போர்வீரன் யார், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை யார் என்ற வேறுபாடு தெரியாது. பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் கொல்லாதீர்கள், கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று படைக்கு அறிவுறுத்திய அபூபக்கர் (ரலி) அவர்களின் வழியில் வந்த நமக்கு, இந்த ஆயுதம் யார் கையில் இருந்தாலும் அது அநீதியே.

அணு ஆயுதம் உள்ள நாட்டோடு யாருமே மோதியதில்லை என்று சொல்வதும் சரியன்று. இஸ்ரேல் தன்னிடம் அணு ஆயுதம் இருப்பதை ஒப்புக்கொண்டதில்லை. ஆயினும் அறுபதுகளின் இறுதியிலிருந்தே இருப்பதாக உலகம் கருதுகிறது. 1973 அக்டோபர் 6 அன்று, ரமளான் பிறை 10-இல், எகிப்தும் சிரியாவும் அந்நாட்டின்மீது போர் தொடுத்தன. ஆனால் 1967-இல் இழந்த சினாயையும் கோலானையும் மீட்பதையே இலக்காக வைத்தன. அவ்வளவு வரம்பிட்டும், மாத இறுதியில் அமெரிக்கா தன் படைகளை உலகெங்கும் உயர் எச்சரிக்கை நிலையில் வைக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. சினாய் திரும்பியது 1982-இல். 1979 உடன்படிக்கையின் வழியே. கோலான் இன்றுவரை திரும்பவில்லை.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுச்சோதனை நடத்தின. மறு ஆண்டே, கட்டபொம்மன் வீழ்ந்து சரியாக இருநூறு ஆண்டுகள் ஆன 1999-இல், கார்கில் போர் மூண்டது. ஊடுருவியவர்களை விரட்ட விமானப்படை இறங்கியது. ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. அந்தக் கட்டுப்பாட்டினால் மலைச்சரிவுகளில் நேருக்கு நேர் ஏற வேண்டியிருந்தது. 527 இந்திய வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். வரம்பிடுவதற்கும் விலை உண்டு; அதையும் யாரோ ஒரு தாயின் மகன்தான் கொடுக்கிறான்.

இவ்விரு போர்களிலிருந்தும் ஒன்று தெளிவாகிறது. அணு ஆயுத நாட்டுக்கு எதிராக, சிறிய எல்லைக்குள் சிறிய இலக்கோடு போரிட்டவர் உண்டு. அப்போதும் அழிவின் விளிம்பு வெகு தொலைவில் இருக்கவில்லை. அந்நாட்டின் இருப்பையே குறிவைக்கும் படையெடுப்பு என்பது வேறு. அது யாரைக் காக்கப் புறப்படுகிறதோ அவர்களையே முதலில் எரித்துவிடக்கூடும். காஸாவுக்கும் இஸ்ரேலின் நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை வரைபடத்தில் பார்த்தால் இது விளங்கும். அதன் நெருப்பு அண்டை நாடுகளுக்கும் பரவும். வளைகுடாவில் ஒரு பிள்ளையேனும் வேலை பார்க்காத குடும்பம் நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது? ஒரு தீங்கை அதற்கு நிகரான அல்லது அதைவிடப் பெரிய தீங்கால் நீக்கக் கூடாது என்று நம் சட்ட அறிஞர்கள் வகுத்த விதி, இத்தகைய இடத்துக்கே உரியது.

மூடிய கதவும் திறந்திருக்கும் கதவுகளும்

ஆகவே கோட்டை வாசலில் அந்தப் பெரியவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. அணுகுண்டு மூடுவது ஒரு கதவை மட்டும். மற்றக் கதவுகள் திறந்தே இருக்கின்றன. மூடிய கதவைச் சுட்டிக்காட்டி, திறந்த கதவுகளின் பக்கமும் போகாதிருப்பவர் எச்சரிக்கை என்ற பெயரில் ஒதுங்கிக்கொள்கிறார்.

1798-இல் கட்டபொம்மனுக்கு விசாரணை மன்றம் இருந்தது போல, இன்று உலகுக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2023 டிசம்பர் 29 அன்று சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேலுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது தென்னாப்பிரிக்கா. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடு அது. 2024 ஜனவரி 26 அன்று இனப்படுகொலைச் செயல்களைத் தடுக்கவும் உதவிப் பொருட்களை அனுமதிக்கவும் அம்மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆணை போரை நிறுத்திவிடவில்லை என்பது உண்மை. ஆனால் சான்று பதிவாயிற்று. அதற்குப் படை தேவைப்படவில்லை; மனம் தேவைப்பட்டது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் 57 உறுப்பு நாடுகளுள் பலவற்றிடம் எண்ணெய் இருக்கிறது, வணிகம் இருக்கிறது, தூதரகம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. படை ஏன் போகவில்லை என்று கேட்பதற்கு முன், இவற்றை எவ்வளவு ஒன்றுபட்டுப் பயன்படுத்தினார்கள் என்று கேட்பதே நியாயமான கேள்வி. அவர்களும் பாளையங்களைப் போலத் தனித்தனியே எண்ணிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்பதே கூர்மையான கேள்வி.

நம்மிடம் படையும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனால் நாவு இருக்கிறது. பாதுகாப்பான திண்ணையில் அமர்ந்து பிறர் பிள்ளைகளைப் போருக்கு ஏவுவது, முஃத்தாவிலிருந்து திரும்பியவர்கள்மீது மண்ணெறிந்தவர்களின் செயலை ஒத்தது. என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிடுவது, அடுத்த பாளையம் எரிந்தபோது வாசலைச் சாத்திக்கொண்டவர்களின் செயலை ஒத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே செய்வதற்கு நிறைய இருக்கிறது. முறையான வழியில் சென்று சேரும் உதவி, உண்மையை மட்டுமே பகிரும் ஒழுக்கம், நம் நாட்டின் சட்டத்துக்குட்பட்டு உரக்க எழுப்பும் குரல், தஹஜ்ஜுதில் கேட்கும் துஆ ஆகியவை யாவும் அந்த வெளியில் உள்ளவை. களத்துக்கு வந்த அந்தத் தாயிடமும் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. ஒரு போர்வை இருந்தது. அதைக்கொண்டு ஓர் உயிரைக் காத்தாள்.

அந்த மாணவருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் சினத்தில் தவறில்லை, அது ஈமானின் உயிர்ப்பு. ஆனால் துணிவு எங்கே என்று கேட்கும்போதெல்லாம், விலை யாருடையது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பெரியவரிடம் சொல்ல விரும்புவதும் உண்டு: விலையைக் கண்டு அஞ்சும்போதெல்லாம், இன்னும் தட்டாத கதவு எது என்பதையும் தேடுங்கள். அடுத்த முறை பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்லும்போது, நினைவுக் கோட்டையோடு நின்றுவிடாமல், பழைய அடித்தளத்தின் அருகிலும் சற்று நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து இக்கதையை முழுவதுமாகச் சொல்வோம்.

ஒடுக்கப்பட்டோர் அனைவருக்கும் அல்லாஹ் விரைவில் விடுதலையைத் தருவானாக. நமக்கு நீதியையும் நிதானத்தையும் ஒருசேர அருள்வானாக. ஆமீன்.